ஈரச் சிலேட்டின் வாசம்

மோசல் ஆற்றுப் பக்கம் போய்விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. எடுத்த படங்களையெல்லாம் பார்த்து முடித்தாயிற்று. ஷூவின் அடியில் ஏறியிருந்த கல்தூளைக் கழுவியாயிற்று. உள்ளங்கையில் விழுந்த கீறல்கூட ஆறிவிட்டது. ஒரு கேள்வி மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்று சாயங்காலம் அந்த ஒயினில் நான் ருசித்தது என்ன? கல் என்கிறது என் நாக்கு. ஒயினில் கல்லின் ருசி வர வழியே இல்லை என்கிறார்கள் பாறைகளைப் பற்றிப் படித்தவர்கள். இரண்டில் எதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. யாரிடமாவது முழுதாகச் சொல்லிப் பார்த்தால் தெளியுமோ என்று தோன்றியது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரி நாட்களிலிருந்து கூடவே இருக்கும் நண்பனும் நானும் ஐந்து நாள் விடுமுறையில், ஆகஸ்ட் கடைசியில், ஜெர்மனியின் கோகெம் ஊருக்குப் போனோம். அவனுக்கு மலை வேண்டும். ஏணி, இரும்புக் கம்பி, செங்குத்துச் சரிவு, வியர்வை எல்லாம் வேண்டும். எனக்கு ஒயின் வேண்டும். ரீஸ்லிங் என்ற திராட்சையின் மேல் எனக்குப் பத்து வருடப் பித்து. இந்த இரண்டையும் ஒரே பள்ளத்தாக்கில் தேடினால் மோசலைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். ஆறு அங்கே நேராக ஓடுவதே இல்லை. வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கக் கரையை அரித்துச் சுவர்போல நிமிர்த்தி வைத்திருக்கிறது. தெற்கே முகம் காட்டும் சரிவுகளில் எல்லாம் திராட்சைக் கொடி. பெர்ல் என்ற ஊரில் தொடங்கி கோப்லென்ஸ் வரை 365 கிலோமீட்டருக்கு, 24 கட்டங்களாக, மோசல்ஸ்டைக் என்ற நடைபாதை அந்தச் சரிவுகளின் வழியாகவே போகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் மோர்ஸ்டோர்ஃப் அருகே 360 மீட்டர் நீளத்தில், 100 மீட்டர் உயரத்தில், கயர்லாய் என்ற தொங்குபாலம். 2015இல் திறந்தார்கள். அவன் அதைப் பற்றித்தான் விமானத்தில் முழுநேரமும் பேசிக்கொண்டு வந்தான்.

ஒயினும் சாகசமும் ஒரே பயணத்தில் என்று விளம்பரம் செய்யும் திட்டங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. காலையில் படகு, மதியம் ஒயின் நிலவறை, மாலையில் மலை. நானும் அதை ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாளே அந்த நினைப்பு போய்விட்டது.

முதல் நாள்

சைக்கிள் வாடகைக்குக் கொடுத்த இடத்தில் ஒரு அச்சடித்த தாளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆற்றோரப் பாதையில் 25 கிலோமீட்டர், இடையில் மூன்று ஒயின் நிலவறைகள். பாதை சமதளம். ஆற்றின் காற்று முகத்தில் அடிக்கும். குழந்தைகளும் வயதானவர்களும்கூட அதில் ஓட்டிக்கொண்டு போவார்கள். இதில் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் கிளம்பினோம்.

பதினொரு மணிக்கு முதல் நிலவறை. ஆறு ஒயின். வெளியே வந்தால் நல்ல வெயில், 30 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது இடம். அங்கே மறுபடியும் ஆறு. என் குறிப்பேடு இப்போதும் கைவசம் இருக்கிறது. முதல் இடத்தில் எழுதிய குறிப்புகள் ஒவ்வொன்றும் நாலைந்து வரி. இரண்டாவது இடத்தில் மூன்றாம் ஒயினிலிருந்து ஆறாம் ஒயின் வரை நான்கு முறையும் "நல்ல புளிப்பு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கடைசி "புளிப்பு" கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. அந்தக் குறிப்புக்குரிய ஒயின், பின்னால் விசாரித்தால், அந்தச் சுற்று வட்டாரத்திலேயே பேர்போன சரிவில் விளைந்தது. அதை நான் குடித்தேன், ஆனால் ருசித்ததாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது இடத்துக்குப் போகும் வழியில்தான் அது நடந்தது. நண்பன் எனக்கு இருபதடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். எதிரே ஒரு சின்னப் பெண், ஆறேழு வயது இருக்கும், பின்னால் மஞ்சள் கொடி கட்டிய குட்டி சைக்கிளில் வந்தாள். அவளுடைய அப்பா கொஞ்சம் பின்னால். பாதை அகலமானதுதான். ஆனால் இவன் அவளைப் பார்த்தது மூன்று நான்கு அடி இருக்கும்போது. திருப்பினான். சக்கரம் ஓரக்கல்லில் ஏறிப் புல்லில் போய் விழுந்தான். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்து ரத்தம். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அழவில்லை. அப்பா ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டார். எங்களுக்கு உதவத்தான் முதலில் குனிந்தார். மூச்சு வாடை பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்தார், ஒன்றும் சொல்லாமல் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மஞ்சள் கொடி ஆடி ஆடிப் போவதை நாங்கள் புல்லில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை நாளாகியும் அந்தக் கொடி கண்ணிலேயே நிற்கிறது. ஒரு அடி இப்படியோ அப்படியோ போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அறைக்குத் திரும்பினோம். ராத்திரி அவன் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது நான் கணக்குப் போட்டேன். சுவைக்க ஊற்றும் அளவு ஒரு குவளைக்கு ஐம்பது மில்லி என்று வைத்துக்கொண்டால் ஆறு குவளை 300 மில்லி. சராசரியாகப் பத்து சதவீத ஆல்கஹால். 30 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 24 கிராம். பெரும்பாலானவர்களின் உடம்பு ஒரு மணி நேரத்தில் ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். அதாவது முதல் நிலவறையில் குடித்தது மட்டும் உடம்பை விட்டுப் போக இரண்டரையிலிருந்து மூன்றரை மணி நேரம் ஆகும். நாங்கள் ஒன்றரை மணி நேரத்தில் அடுத்ததில் உட்கார்ந்துவிட்டோம். நடுவே வெயில், வியர்வை, அரைகுறைச் சாப்பாடு. போதை ஏறியதாகவே எங்களுக்குத் தெரியவில்லை. அது தெரிவதற்கு முன்பே நிதானமும் பார்வையின் கூர்மையும் குறைந்துவிடுகின்றன. சட்டமும் அன்றுதான் படித்தேன். ஜெர்மனியில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 1.6 பர்மில், அதாவது ஆயிரத்தில் 1.6 பங்கு, என்ற அளவைத் தாண்டினாலே குற்றம். தடுமாறினாலோ விபத்து நடந்தாலோ 0.3 போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ருசி பார்த்த ஒயினை விழுங்காமல் துப்புவதற்கென்று மேசையில் பாத்திரம் வைத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொடவே இல்லை. ஊற்றிக் கொடுத்தவர் எதிரே நிற்கும்போது துப்புவது மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். விருந்தாளியாகப் போன இடத்தில் கொடுத்ததை மிச்சம் வைக்காமல் முடிப்பதுதான் அழகு என்று வளர்ந்த பழக்கம்.

"சரிவு ஏறுற அன்னிக்கு, ஏறி இறங்குற வரைக்கும் ஒரு சொட்டு கிடையாதுடா" என்றான் அவன்.

"ஒரு சொட்டுகூட" என்றேன்.

கால்மோன்ட்

மறுநாள் முழுக்க ஓய்வு. மூன்றாம் நாள் காலையில் கோகெமில் ரயில் ஏறினோம். ஊரை விட்டதும் ரயில் மலைக்குள் நுழைந்துவிடுகிறது. கைசர் வில்ஹெல்ம் சுரங்கம், 4,205 மீட்டர் நீளம், 1879இல் திறந்தது. ஆறு ஒரு பெரிய வளைவு சுற்றி வந்து சேரும் இடத்துக்கு ரயில் மலையின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு சில நிமிடத்தில் போய்விடுகிறது. இருட்டு முடிந்து வெளிச்சத்துக்கு வந்தால் எடிகர்-எல்லர் நிலையம். இறங்கித் தலையைத் தூக்கிப் பார்த்தால் கால்மோன்ட்.

ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று என்பார்கள். சிலர் முதலிடமே இதற்குத்தான் என்கிறார்கள். சில இடங்களில் சாய்வு 65 பாகை. எண்ணாகக் கேட்டால் பெரிதாகத் தெரியாது. நேரில் பார்த்தபோது முதலில் தோன்றியது, இதில் ஏன் கொடி வைத்தார்கள் என்பதல்ல, எப்படி நின்று வைத்தார்கள் என்பதுதான். சூடான மலை என்று லத்தீனிலிருந்து அதன் பேருக்குப் பொருள் சொல்வார்கள். காலை ஒன்பது மணிக்கே பேர் சரிதான் என்று புரிந்துவிட்டது.

எல்லரிலிருந்து பிரெம் ஊர் வரை அந்தச் சரிவின் குறுக்கே ஒரு கம்பிப்பாதை போகிறது. சில இடத்தில் ஓரடி அகல மண்தடம். சில இடத்தில் பாறையில் அடித்த இரும்பு முளைகள்தான் படி. பிடித்துக்கொள்ள எஃகுக் கயிறு, ஆங்காங்கே இரும்பு ஏணி. தேர்ந்த மலையேறிகளுக்கு இது ஒன்றுமில்லை. கால் உறுதியும் தலைசுற்றாத மனமும் இருந்தால் போதும் என்று தொடக்கத்தில் எழுதிப்போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ரொட்டி, பாலாடைக்கட்டி எடுத்துக்கொண்டோம். இரண்டு மூன்று மணி நேர வழி. நாங்கள் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். முதல் நாளின் பயம் கூடவே வந்துகொண்டிருந்தது என்பது ஒரு காரணம். நான் ஒவ்வொரு கொடியாக நின்று நின்று பார்த்தேன் என்பது இன்னொரு காரணம்.

அங்கே பந்தலும் கிடையாது, வரிசையாக இழுத்த கம்பியும் பெரும்பாலும் கிடையாது. ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு கம்பம். இரண்டு கிளைகளை வளைத்து, கீழே கொண்டுவந்து, அந்தக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இலைகளை விலக்கிப் பார்த்தால் இதய வடிவம் தெரிகிறது. இது மோசலின் பழைய முறை. கொடியைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் நகர இடம் கிடைக்கும், மேலும் கீழும் மட்டும் அல்லாமல் பக்கவாட்டிலும் போகலாம். டிராக்டர் அங்கே வரவே முடியாது. சில சரிவுகளில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று பல்லுப் பல்லாக மேலே ஏறிப் போகிறது. ஆளையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி இயந்திரம் அதில் ஊரும். மற்றதெல்லாம் கையும் காலும்தான். கத்தரிப்பது, கட்டுவது, இலை கிள்ளுவது, அறுவடை எல்லாமே. சமதளத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஆகும் உழைப்பைப்போலப் பல மடங்கு இங்கே ஆகிறது. அதனால்தான் ஒவ்வொரு துண்டாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 1990 வாக்கில் மோசல் பகுதியில் 12,000 ஹெக்டேருக்கு மேல் திராட்சை இருந்தது. இப்போது 9,000க்கும் கீழே. எண்ணைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் பாதை ஒரு வளைவு திரும்பியதும், முள்புதர் மூடிய நிலத்தின் நடுவே பழைய கம்பங்கள் மட்டும் சாய்ந்து நின்றதைப் பார்த்தபோதுதான் அந்த எண் என்ன சொல்கிறது என்று உறைத்தது. அதற்கு அடுத்த துண்டில் கொடிகள் பச்சைப் பசேலென்று இருந்தன. விட்டுப்போன நிலங்களில் சிலவற்றை மறுபடியும் சீர்செய்து நடுகிறார்கள்.

பாதி வழியில் ஒரு ஏணி. ஏறி முடித்த இடத்தில் பாதை ஒரு சாண் அகலம்தான். கீழே பார்த்துவிட்டேன். சரக்குப் படகு ஒன்று தீப்பெட்டி மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஆற்றின் அந்தக் கரையில் ஸ்டூபன் மடத்தின் இடிந்த சுவர்கள், அதைச் சுற்றி ஆறு வளைத்துக்கொண்டு போகும் அழகு. அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. கால் நடுங்க ஆரம்பித்தது. வலது கை கயிற்றைத் தேடியது. இடது கை பாறையைப் பிடித்தது.

"கீழே பார்க்காதே. அடுத்த கம்பியைப் பாரு. அது மட்டும்தான்" என்றான் பின்னாலிருந்து.

பார்த்தேன். கம்பிக்கும் என் முகத்துக்கும் நடுவே பாறை. கன்னம் உரசும் தூரத்தில். ஏடு ஏடாக, பழைய சுவடிக்கட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியுமே, அப்படி. சாம்பலும் நீலமும் கலந்த நிறம். விரல் வைத்த இடத்தில் ஒரு ஏடு பிரிந்து கையோடு வந்துவிட்டது. அதன் ஓரம் உள்ளங்கையைக் கீறிவிட்டது. சுமார் 40 கோடி வருடம் முன்னால் கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டான கல் அது.

"அந்தக் கல்லைப் பிடிக்காதீர்கள், கழன்று வரும். கயிற்றைப் பிடியுங்கள்." மேலேயிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கொடிகளுக்கு நடுவே, சரிவுக்குப் பக்கவாட்டாக, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, குலைகளைச் சுற்றியிருந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அதே சரிவில் அவர் திண்ணையில் இருப்பதுபோல இருந்தார். என் கையைப் பார்த்ததும் தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு இரண்டு கொடி இறங்கி வந்தார். கையை நீட்டச் சொல்லி ஊற்றினார். ரத்தமும் கல்தூளும் கலந்து வழிந்த தண்ணீர், வெயிலில் காய்ந்து கொதித்துக்கொண்டிருந்த கல்லின்மேல் விழுந்தது. விழுந்த வேகத்தில் காய்ந்தது. ஒரு வாசம் எழுந்தது.

அந்த வாசம் எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில், இரண்டாம் வகுப்பில், என் கையிலேயே இருந்த வாசம். சிலேட்டுப் பலகையின் வாசம். எழுதியதை அழிக்கத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்போம். தண்ணீர் இல்லாவிட்டால் எச்சில். வேலியில் கோவை இலை இருந்தால் அதைக் கசக்கித் தேய்த்தால் பலகை கன்னங்கரேலென்று மின்னும். வெயிலில் ஆட்டி ஆட்டிக் காயவைப்போம். காய்வதற்கு முன்னால் முகத்துக்கு நேரே வைத்து ஒரு முறை மோந்து பார்ப்பேன். ஏன் என்று அப்போதும் தெரியாது. இத்தனை வருடமாக நான் சிலேட்டு என்று சொல்லிக்கொண்டிருந்ததும், ரீஸ்லிங் பற்றிய எழுத்துக்களில் எல்லாம் மோசலின் மண் இன்னது என்று நூறு முறை படித்ததும் ஒரே கல். அதை மனதில் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அந்த நிமிடம், ஒரு கையில் கயிறும் ஒரு கையில் ரத்தமுமாக நின்றபோதுதான் சேர்ந்தது. கால் நடுக்கம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"சாயங்காலம் வாருங்கள். பிரெம்மில் எங்கள் வீட்டு முற்றம் திறந்திருக்கும். இந்தத் துண்டு நிலத்து ஒயினே இருக்கிறது" என்றார் அந்த அம்மா.

முற்றத்தில்

ஷ்ட்ராவ்ஸ்விர்ட்ஷாஃப்ட் என்று ஒரு ஏற்பாடு அங்கே உண்டு. ஒயின் தயாரிக்கும் குடும்பம் தன் வீட்டிலேயே, வருடத்தில் அதிகபட்சம் நாலு மாதம், 40 இருக்கைக்கு மிகாமல், தன் சொந்த ஒயினை மட்டும் ஊற்றலாம். வாசலில் ஒரு இலைக்கொத்து கட்டியிருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஆறு மணிக்குப் போனோம். சைக்கிள் இல்லை. திரும்ப ரயில்தான்.

அவர் நாலே நாலு ஒயின் ஊற்றினார். உலர்ந்தது என்று சொல்லப்படும் இனிப்பில்லாத ஒயினிலிருந்து தொடங்கி இனிப்பை நோக்கி. ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறைய நேரம். முதல் குவளையைத் தானும் எடுத்து, வாயில் சுழற்றி, பக்கத்திலிருந்த மண்சாடியில் துப்பினார். இருபது வருடத்துக்கு மேல் தன் கையால் வளர்த்த கொடியின் சாற்றை அவரே துப்புகிறார். எனக்கு ஒரு பாரம் இறங்கியது. நானும் துப்பினேன். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. ஆல்கஹால் விஷயத்திலும் அன்று ஒன்று கற்றுக்கொண்டேன். மோசலில் இனிப்பு கூடினால் பெரும்பாலும் போதை குறையும். நொதிப்பதைப் பாதியில் நிறுத்தினால் சர்க்கரை சாராயமாக மாறாமல் மிச்சம் நிற்கிறது. அதனால் இனிப்புள்ள கபினெட் என்ற லேசான வகையில் எட்டு ஒன்பது சதவீதம்தான் இருக்கும், உலர்ந்ததில் பன்னிரண்டு. பாட்டிலின் பின்பக்கம் அந்த எண்ணைப் பார்த்தாலே எவ்வளவு இனிப்பு என்று ஓரளவுக்கு ஊகித்துவிடலாம்.

மூன்றாவதாக வந்ததுதான் காலையில் நாங்கள் நின்ற துண்டு நிலத்தின் ஒயின். மூக்கருகே கொண்டுபோனதும் எலுமிச்சைத் தோல். கொஞ்சம் பொறுத்தால் வெள்ளைப் பீச் பழம். வாயில் வைத்ததும் கூரான புளிப்பு, அதன் பின்னாலேயே லேசான இனிப்பு வந்து புளிப்பின் தோளைப் பிடித்துக்கொள்கிறது. விழுங்கவில்லை, துப்பினேன். துப்பிய பிறகு, வாய் காலியான பிறகு, அது வந்தது. ஈரச் சிலேட்டு. நாக்கின் ஓரத்திலும் மூக்கின் உள்ளேயும். காலையில் கல்லிலிருந்து எழுந்த அதே வாசம். இரண்டு மூச்சு நேரம் இருந்தது. குறிப்பேட்டில் அன்று அந்த ஒரு ஒயினுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எழுதும் பலகை, தண்ணீர் தொட்டு அழிப்பது எல்லாம். பொறுமையாகக் கேட்டார். "எனக்கு இதில் என் அப்பாவின் மழைக்கோட்டு வாசம் வரும்" என்றார். மழை பெய்த நாளில் அவர் அப்பா சரிவிலிருந்து இறங்கிவந்து கதவுக்குப் பின்னால் மாட்டும் ரப்பர் கோட்டாம். சொல்லிவிட்டு மறுபடி குவளையை மோந்து பார்த்தார். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மூன்றாவது குவளையோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல் பேசுமா

திரும்பி வந்து படிக்க ஆரம்பித்தேன். அலெக்ஸ் மால்ட்மன் என்ற நிலவியலாளர், வேல்ஸில் பேராசிரியராக இருந்தவர், பாறைக்கும் ஒயினுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது. வேர் பாறையை உறிஞ்சுவதில்லை. தண்ணீரில் கரைந்த சில சத்துக்களைத்தான் எடுக்கிறது. அவற்றில் ஒயினில் போய்ச் சேர்வது மிகமிகச் சொற்பம். அந்த அளவில் நாக்குக்கு எதுவும் தெரியாது. பாறைக்கென்று ஆவியாகி எழும் வாசமும் கிடையாது. ஆகவே ஒயினில் சிலேட்டு ருசிக்கிறது என்றால் அது ஒரு உவமைதான், கல் நேராக வந்து உட்கார்ந்திருக்கவில்லை.

கல்லுக்கு வேலையே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தச் சரிவில் சிலேட்டு பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. குளிரான அந்த வடக்குப் பகுதியில் ரீஸ்லிங் போன்ற தாமதமாகப் பழுக்கும் திராட்சை பழுப்பதற்கு அது பெரிய ஒத்தாசை. மழைத் தண்ணீரை நிற்க விடாது. ஏடு ஏடாகப் பிளந்திருப்பதால் வேர் இடுக்கு தேடி ஆழமாகப் போகும். கல் ஒயினை உருவாக்குகிறது. ஆனால் அதற்குள் கரைந்து வரவில்லை.

நான் அங்கேயே நின்றிருப்பேன். ஆனால் இன்னொன்றையும் படித்தேன். மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்கு இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964இல் பெட்ரிகோர் என்று பேர் வைத்தார்கள். அவர்கள் கண்டது, காய்ந்த காலத்தில் செடிகொடிகளிலிருந்து வெளிவரும் எண்ணெய்ப் பசை கல்லிலும் மண்ணிலும் போய்ப் படிகிறது, ஈரம் பட்டதும் அது காற்றில் எழுகிறது என்பது. அதாவது ஈரக் கல்லின் வாசம் என்று நாம் சொல்வது கல்லின் வாசமே இல்லை. கல்மேல் உயிருள்ளவை விட்டுப்போனவற்றின் வாசம்.

இதைப் படித்த ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அப்படியென்றால் கால்மோன்ட்டில் தண்ணீர் ஊற்றியதும் எழுந்தது, அந்தக் கொடிகளும் முள்புதர்களும் கோடை முழுக்கக் கல்லின்மேல் பூசிவைத்தது. என் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு? அதில் நான் மோந்து பார்த்தது கோவை இலைச் சாறு, எச்சில், விரல் பிசுக்கு, பலப்பத்தூள். கல்லுக்கு எந்தக் காலத்திலும் வாசம் இருந்ததில்லை. எல்லாம் அதன்மேல் யார் யாரோ தேய்த்துவிட்டுப் போனது.

இதனால் அன்று ருசித்தது பொய் ஆகிவிட்டதா என்றால், இல்லை என்றுதான் தோன்றுகிறது. அந்த ஒயினில் ஏதோ ஒன்று இருந்தது. கந்தகம் சார்ந்த சில வாசப்பொருட்கள் தீக்கல்லை நினைவூட்டும் என்கிறார்கள். அதுவாக இருக்கலாம், புளிப்பாகவும் இருக்கலாம். எதுவானாலும் முதல் நாள் இரண்டாவது நிலவறையில் குடித்ததிலும் அது இருந்திருக்கும். என்னால் அதைக் கேட்க முடியவில்லை. சரிவில் நாலு மணி நேரம் ஒவ்வொரு முளையையும் ஒவ்வொரு கயிற்றையும் கவனித்துக் கவனித்து வந்த உடம்புதான் சாயங்காலம் அந்தக் குவளையையும் அப்படிக் கவனித்தது. ஒயினையும் மலையையும் ஒரே பயணத்தில் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் இப்போது சொல்வது இதுதான். தாராளமாக வையுங்கள், ஆனால் கால் முதலில், நாக்கு பிறகு. எந்தச் சரிவில் ஏறினீர்களோ அந்தச் சரிவின் ஒயினாகப் பார்த்து ஒன்றிரண்டு போதும். இடையிடையே மூன்று இடத்தில் நிறுத்திக் கொடுக்கும் திட்டத்தை யார் காட்டினாலும் எனக்கு மஞ்சள் கொடி ஞாபகம் வந்துவிடுகிறது.

அன்று இரண்டு பாட்டில் வாங்கினேன், ஒன்று 12 யூரோ. அத்தனை உழைப்புக்கு அது எந்த மூலைக்கு என்று கொடுக்கும்போது மனசு கஷ்டப்பட்டது. கிளம்பும்போது அந்த அம்மா வாசற்படியோரம் கிடந்த ஒரு சிலேட்டுத் துண்டையும் எடுத்துக் கையில் கொடுத்தார். முதல் பாட்டிலை நவம்பரில், வீட்டுக்கு வந்திருந்த நாலு பேரோடு திறந்தேன். யாரும் அந்தச் சரிவைப் பார்த்தவர்கள் இல்லை. ஒருவர் பச்சை ஆப்பிள் என்றார். ஒருவர் லேசாக மண்ணெண்ணெய் மாதிரி இருக்கிறதே என்றார். அவர் சொன்னது சரி, ரீஸ்லிங்கில் வயதாக ஆக அந்த வாசம் வருவது உண்டு. நான் சிலேட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு கணம் கிடைத்த மாதிரி இருந்தது, அது நான் வேண்டுமென்றே வரவழைத்ததோ என்று சந்தேகமாகிவிட்டது.

போன வாரம் அந்தக் கல்துண்டைக் குழாயில் நனைத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. அப்புறம் மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயிலில் வைத்துவிட்டு, கை பொறுக்காத சூடு ஏறிய பிறகு ஒரு கை தண்ணீர் தெளித்தேன். வந்தது. இரண்டு மூச்சு நேரம், அதே அளவு.

இரண்டாவது பாட்டில் அலமாரியில் படுக்கவைத்தபடி இருக்கிறது. நண்பன் அடுத்த மாதம் வருகிறான். முற்றத்தில் அன்று அவன் என்ன ருசித்தான் என்று நான் கேட்கவே இல்லை. பாட்டிலைத் துணியால் மூடி, என்ன ஒயின் என்று சொல்லாமல் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவன் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கப் போகிறேன்.